மெட்டல் டிடெக்டர் வாங்கப்போகும் மகனுக்கு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். கொல்லிமலைக்கு எந்த மெட்டல் டிடெக்டர் சரிப்படும் என்பது ஒன்று. கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே கேள்விதான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சேந்தமங்கலத்து அச்சகத்தில் மாதிரித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு நம் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். பெண் வீட்டார் 'தெய்வத்திரு' என்று போட்டுவிடலாமே என்கிறார்கள். நீ, ஒரு எலும்பையாவது கண்ணால் பார்க்காமல் அந்தச் சொல்லை அச்சில் ஏற்ற விடமாட்டேன் என்கிறாய். பத்து நாள் லீவு போட்டு மிஷினோடு வந்து ஓடையில் தேடப்போவதாகச் சொன்னாய். நான் "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நீ "அம்மா, நீயா இப்படிப் பேசறே" என்று கேட்பாய். அதற்குமேல் என் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வராது. அதனால் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

முதலில் மிஷின். சென்னைக் கடற்கரையில் உன் நண்பனுடைய மிஷின் மணலுக்குள்ளிருந்து மோதிரத்தைக் காட்டிக்கொடுத்தது என்றாய், அதையே வாங்கலாமா என்றாய். வாங்காதே. கடற்கரையில் தொந்தரவு உப்பு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈர மணல் முழுவதுமே மிஷினுக்கு ஒரு மெல்லிய தகடு மாதிரித் தெரியும். அதைத் தாங்கும்படி செய்த மிஷின் அங்கே ஒழுங்காக வேலை செய்கிறது. நம் ஓடையில் உப்பு கிடையாது. மலைத் தண்ணீர் மிஷினுக்கு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். இங்கே தொந்தரவு மண். நம் திண்ணனூர் நாட்டுச் செம்மண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. ஓடை வளைகிற இடங்களில் படியும் கருமணலில் காந்தத்தை வைத்தால் மயிர் மயிராக ஒட்டிக்கொண்டு வரும். சாதாரண மிஷினை அதன்மேல் காட்டினால் ஓயாமல் கத்தும். மண் போடும் சத்தத்தை அடக்கிவிட்டு மண்ணுக்குள் இருப்பதை மட்டும் கேட்க வைக்கும் வசதி வேண்டும். அதைக் கையாலேயே திருத்துகிற மாதிரி இருக்க வேண்டும், ஏனென்றால் ஓடையிலிருந்து நாற்பது அடி மேலே மரவள்ளிக் காட்டுக்கு வந்தால் மண் வேறு, மிளகுக் கொடிக்கு அடியில் வந்தால் மறுபடி வேறு. ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்கிற மிஷினாகப் பார்.

மிஷினின் 'காயில்' நனையலாம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. தரையைத் தடவுகிற அந்த வட்டத் தட்டு மட்டும்தான் நனையலாம், மேலே கைப்பிடியில் இருக்கும் பெட்டி நனையக்கூடாது என்பது அதன் அர்த்தம். பாசி பிடித்த பாறையில் வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது புரிந்தது. மிஷின் முழுவதுமே தண்ணீர் தாங்க வேண்டும். காயில் சிறியதாக இருக்கட்டும். பெரியது ஆழமாகப் பார்க்கும், ஆனால் ஓடுகிற தண்ணீர் அதை முறம் மாதிரிப் பிடித்து இழுத்துவிடும், பாறை இடுக்கிலும் நுழையாது. தண்ணீர் தாங்கும் ஹெட்போன் இல்லாமல் போகாதே. ஓடைச் சத்தத்தில் மெல்லிய ஒலி காதில் விழாது. நீ தேடுவது மெல்லிய ஒலி.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று இந்நேரம் யோசித்திருப்பாய். நான் இரண்டு மிஷின் வாங்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. அப்பா போன இரண்டாம் வருஷம் ஒன்று, விளையாட்டுச் சாமான் மாதிரி. நாலாம் வருஷம் இன்னொன்று, ஓரளவு நல்லது. அதுதான் அன்று தண்ணீரில் நனைந்தது. மூன்று நாள் அரிசிக்குள் புதைத்து வைத்து உயிர் வரவழைத்தேன். உன்னைப் படிக்கப் போகச் சொல்லிவிட்டு, "போனவரைத் தேடிட்டே இருந்தா வாழ முடியாது" என்று புத்தி சொல்லிவிட்டு, சனிக்கிழமைகளில் நான் ஓடையில் நின்றுகொண்டிருந்தேன்.

தேடியது என்ன என்று உனக்குத் தெரியும். மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்ததால் அப்பாவின் வலது தொடையில் வைத்த ஸ்டீல் ராடு. எட்டு வருஷத்தில் தண்ணீர் எதை வேண்டுமானாலும் கொண்டுபோயிருக்கும், ராடு கனம், எங்காவது கல்லுக்கடியில் தங்கியிருக்கும் என்பது என் கணக்கு. உன் கணக்கும் அதுதான். ஆனால் அது துருப்பிடிக்காத ஸ்டீல். மிஷினுக்கு அது பிடிக்காத உலோகம், செம்பு வெள்ளி மாதிரி கணீரென்று பேசாது. எப்படிப் பேசும் என்று பழக, தோசைக் கரண்டி ஒன்றை வீட்டுக்குப் பின்னால் புதைத்துப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் தாழ்ந்த குரலில், யாரோ தொண்டையைச் செருமுவது மாதிரி ஒரு சத்தம். ஒன்றரைச் சாணுக்குக் கீழே ஒன்றுமில்லை. நான் கரண்டியைப் புதைப்பதும் எடுப்பதுமாக இருந்ததைப் பக்கத்துக் காட்டுப் பெரியண்ணன் வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்தார். "ஏனுங் டீச்சர், கரண்டி நட்டா கரண்டி காய்க்குமுங்களா" என்றார். "காய்ச்சா உங்களுக்கு ரெண்டு தாரேன்" என்றேன். "குழிக்கரண்டியா குடுங்க, தோசைக் கரண்டி எங்கூட்டுல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் செருமல் சத்தத்தை மட்டும் நான் மறக்கவில்லை. நீயும் வந்ததும் முதல் வேலையாக அதைக் காதுக்குப் பழக்கு. இன்னொன்று, எல்லா மிஷினிலும் இரும்பை ஒதுக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிடாதே. உன் அப்பாவையும் சேர்த்து ஒதுக்கிவிடும்.

அந்த நாளைப் பற்றி உனக்கு நான் சொன்னது பாதிதான். நீ நாமக்கல்லில் ஹாஸ்டலில் இருந்தாய், பன்னிரண்டாம் வகுப்பு. ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து அன்று காலை வெறித்திருந்தது. மாடு ஓடைக்கு அக்கரையில் கட்டிக் கிடந்தது. அப்பா தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ராடு குத்துது டீச்சர். பெருசா ஒண்ணு வருது. மாடு மத்தியானம் வரைக்கும் அங்கேயே கெடக்கட்டும்" என்றார். உன் அப்பா என்னைக் கடைசிவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார், கேலி பாதி, மரியாதை பாதி. நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கம்பிக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உங்களுக்குச் சோம்பல்" என்றேன். "எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் சொன்னா அப்பீல் ஏதுங்க" என்று சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் மேல் மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கியது. கரை சரிந்தது. தீயணைப்புக்காரர்கள் மூன்று நாள் தேடினார்கள். துண்டும் ஒரு செருப்பும் கிடைத்தன. மாடு அக்கரையில் பத்திரமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர் தானாகப் போனார் என்று உன்னிடம் சொன்னேன். நான்தான் அனுப்பினேன்.

இனி எழுதப்போவது நீ என்னிடமிருந்து எதிர்பார்க்காதது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், புரட்டாசிக் கடைசியில், ஓடையிலிருந்து திரும்பும்போது மிஷினை அணைக்க மறந்து கையில் தொங்கவிட்டபடி ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தேன். ஓடைக் கரையை விட்டு ஏறும் இடத்தில் ஒரு சத்தம், பெரிய இரும்புச் சத்தம். தோண்டினால் பழைய ஏர்க்கொழு ஒன்று. துருவேறிப் பாதி மண்ணாகியிருந்தது. மஞ்சள் துணியில் சுற்றி, கூர்முனை ஓடையைப் பார்க்கப் பாதைக்குக் குறுக்கே வைத்திருந்தார்கள். மறுபடி நடந்தேன். மரவள்ளிக் காட்டு முனையில் இன்னொன்று, கருக்கரிவாள். அதற்கு மேலே மிளகு ஏற்றிய மரங்களுக்கு நடுவில் களை கொத்தும் ஒரு கொத்துக்கட்டை. கடைசியாகப் பலா மரத்தடியில், நம் வாசலிலிருந்து இருபதடி தூரத்தில், இன்னோர் அரிவாள். எல்லாம் மஞ்சள் துணி, எல்லா முனையும் ஓடையைப் பார்த்து. ஓடைப் பக்கத்தில் இருந்தது மிகவும் பழசு. வீட்டை நெருங்க நெருங்கத் துரு குறைவு. பலா மரத்தடி அரிவாளில் என் முகம் கலங்கலாகத் தெரிந்தது.

நேராகச் செல்லம்மா அத்தை வீட்டுக்குப் போனேன். உன் அப்பாவின் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதானே. சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அரிவாளை முன்னால் வைத்தேன். முறம் நிற்கவில்லை.

"எடுத்துட்டியா கண்ணு" என்றாள். "எடுத்த எடத்துலயே வெச்சிரு. முனை மாறாம வை."

"எதுக்கு அக்கா இதெல்லாம்?"

"தண்ணியில போய் ஒடம்பு கெடைக்காதவன் ஊட்டுக்குத்தான் வாரான். வேற எங்க போவான்? வருசா வருசம் ஐப்பசியில வாரான். கால் சத்தம் எந்த எடத்துல கேக்குதோ அந்த எடத்துல கூடப் பொறந்தவங்க ஒரு இரும்பு வெக்கோணும். எங்க அப்பங்காலத்துலருந்து நம்மூரு வழக்கம் இது."

"கால் சத்தம்னா?"

"ஒரு கால் ஊனும், ஒரு கால் இழுக்கும். எந்தம்பி நடை எனக்குத் தெரியாதா. மொத வருசம் ஓடையில கேட்டேன். போன வருசம் பலா மரத்துல கேட்டேன்."

"வந்தா வரட்டுமே. அவர் வீடுதானே" என்றேன். விளையாட்டாகச் சொன்னேனா, கோபத்தில் சொன்னேனா என்று இன்றும் தெரியவில்லை. அத்தை அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள்.

"படிச்சவ நீ. ஈரத்தோட உள்ள வந்தவன் தனியாப் போவமாட்டான் கண்ணு. ஒண்ணு நெனப்புல வெச்சுக்க. இரும்பத் தாண்டி வரவும் ஏலாது, தாண்டிப் போவவும் ஏலாது. எந்தப் பக்கம் நிக்கறான்னு பாத்துத்தான் வெக்கோணும்."

அரிவாளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். நம்பிக்கையால் அல்ல, அவளுடைய துக்கத்தைத் தோண்டிப்போட எனக்கு உரிமையில்லை என்று நினைத்து. பழைய இரும்பு துருப்பிடித்திருப்பதும் புதிய இரும்பு பிடிக்காமல் இருப்பதும் எதையும் நிரூபிக்காது. பயந்த காதுக்கு எல்லாச் சத்தமும் கால் சத்தம்தான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஐப்பசி. பள்ளி விட்டு வந்து, நாலரை மணி இருக்கும், வாசற்படியில் உட்கார்ந்து மிஷினுக்குப் புது பேட்டரி போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மூடுபனி இறங்கி, பலா மரம் இருக்கிற இடத்தில் ஒரு கறுப்பு மட்டும் தெரிந்தது. நாய் எழுந்து நின்றது. குரைக்கவில்லை. பாதையில் பதித்த கல்லின் மேல் ஒரு கால் அழுந்தியது. இன்னொரு கால் இழுபட்டது. மறுபடி அழுந்தியது. பெரியண்ணன் என்று நினைத்துக் கூப்பிட்டேன், பதில் இல்லை. சத்தம் பலா மரத்துக்கு இந்தப் பக்கம் கேட்டது. அரிவாளைத் திரும்ப வைத்தபோது முனையை நான் சரியாக வைக்கவில்லையோ என்று தோன்றியது. மடியிலிருந்த மிஷின் தானாகத் தொண்டையைச் செருமியது. கரண்டியின் சத்தம். ஸ்டீலின் சத்தம்.

பனியில் காயில் சட்டென்று குளிர்ந்தால் மிஷின் பொய் சொல்லும். தூரத்தில் இடி இருந்தாலும் சொல்லும். ஒயர் இணைப்பு தளர்ந்திருந்தாலும் சொல்லும். இவ்வளவும் எனக்குத் தெரியும், அந்த நிமிஷமே நினைவுக்கும் வந்தது. நான் எழுந்து வீட்டுக்குள் ஓடினேன் கண்ணு. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி, அடுப்படியில் பழைய அரிவாள்மணையிலிருந்து கழன்று கிடந்த அலகை எடுத்தேன். தேடி எடுத்துத் திரும்ப இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே சத்தம் நின்றிருந்தது. வாசற்படிக் கல்லுக்குக் கீழே, ஈர மண்ணைக் கையாலேயே பறித்து, அலகைக் குறுக்கே புதைத்தேன். முனை ஓடையைப் பார்க்க வைத்தேன். இருபது வருஷம் வகுப்பில் நின்று பேய் பிசாசு கிடையாது என்று பாடம் நடத்தியவள், தன் புருஷன் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று மண்டி போட்டு மண் தள்ளினேன். மழையைப் பற்றி அவர் சொன்னதை அன்று நம்பவில்லை. அவர் வந்ததை மட்டும் உடனே நம்பிவிட்டேன். எட்டு வருஷத்தில் நான் வெட்கப்படுகிற ஒன்று உண்டென்றால் அதுதான்.

அதன்பிறகு சத்தம் இல்லை. மூன்று ஐப்பசி போய்விட்டது. "எந்தம்பி அடங்கிட்டான் கண்ணு" என்று அத்தை பூசை போட்டாள். மிஷினைப் பரணில் ஏற்றிவிட்டேன். ஒரே ஒரு மாற்றம்தான். எப்போதும் பாதையைப் பார்த்துப் படுக்கும் நாய், அன்றிலிருந்து வீட்டுக்குள் பார்த்துப் படுக்கிறது. போன தடவை நீ வந்தபோதுகூட, "என்னம்மா இது, திருடன் வெளிய இருந்துல்ல வருவான்" என்று சிரித்தாய். அடுப்புச் சூட்டுக்காகத் திரும்பிப் படுக்கிறது என்று நானும் சொன்னேன். அந்தச் சூடு வாசல்வரை எட்டாது. எனக்கு அது தெரியாமல் இல்லை.

நீ மிஷினோடு வருகிறேன் என்றதும் எனக்கு முதலில் வந்தது வாசற்படி பற்றிய பயம்தான். வந்து இறங்கியதும் நீ அதை இயக்கிப் பார்ப்பாய், முதல் சத்தம் என் கையால் வைத்த இரும்பாக இருக்கும். அதனால் நேற்று மத்தியானம், நல்ல வெயிலில், பரணிலிருந்து மிஷினை இறக்கினேன். அலகு இருக்கும் இடத்தைச் சரியாகப் பார்த்துக் கல்லைப் புரட்டலாம் என்று வாசலில் காட்டினேன். பெரிய இரும்புச் சத்தம், எதிர்பார்த்த இடத்தில். காயிலை உள்பக்கம் திருப்பி நடந்தபோது, கதவைத் தாண்டி, அடுப்படிச் சுவரோரமாக, அப்பா காலை நீட்டி உட்காருவாரே அந்த இடத்தில், செருமல் சத்தம் கேட்டது.

மண் போடும் சத்தத்தை அடக்கிவிட்டு மறுபடி காட்டினேன். கேட்டது. ஒயரை இறுக்கினேன். கேட்டது. வீட்டிலிருந்த பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். கேட்டது. தரைக்கு அருகில் பலமாகக் கேட்க வேண்டும், அதுதான் விதி. இது காயிலைத் தரையிலிருந்து உயர்த்தினால் பலமாகக் கேட்டது. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் தொடை உயரத்தில் மிகவும் தெளிவாக இருந்தது. அங்கே காற்றைத் தவிர ஒன்றுமில்லை.

அப்போதுதான் அத்தை சொன்னது புரிந்தது. அன்று வெளியே சத்தம் நின்றது, அவர் நின்றதால் அல்ல. நான் இரும்பைத் தேடிப்போன இரண்டு நிமிஷமும் கதவு திறந்து கிடந்தது. நான் பின்கட்டிலிருந்து திரும்பி வந்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாசலை அடைத்திருக்கிறேன். கால் சத்தம் கேட்ட பிறகு அத்தை வருஷா வருஷம் வைத்த இரும்பும் இப்படி அவருக்குப் பின்னால்தான் விழுந்திருக்கிறது, ஓடைக்குத் திரும்பும் வழியை மறித்துக்கொண்டு. மூன்று வருஷமாக நான் சமைப்பதையும் நோட்டுத் திருத்துவதையும் பார்த்துக்கொண்டு அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு தரம்கூட என்னைப் பயமுறுத்தவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போகவும் இல்லை.

கல்லைப் புரட்டி அலகை எடுத்தேன். பலா மரத்து அரிவாள், கொத்துக்கட்டை, கருக்கரிவாள், கொழு, நான்கையும் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக்கொண்டே ஓடைவரை நடந்தேன். அத்தை களத்தில் நின்று பார்த்தாள். என்னைத் தடுக்கவில்லை. "மெல்லப் போ கண்ணு, கால இழுத்துட்டு வாரவனுக்கு வழி வுடு" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சுவரோரம் மிஷினைக் காட்டினேன். தரையில், தொடை உயரத்தில், எங்கேயும் ஒன்றுமில்லை. நாய் பாதையைப் பார்த்துப் படுத்திருந்தது.

இதில் எதையும் என்னால் நிரூபிக்க முடியாது. பழைய மிஷின், ஒரு தரம் தண்ணீரில் விழுந்தது, அவ்வளவுதான் என்று நீ சொன்னால் மறுக்கமாட்டேன். உன் அப்பாவிடம் ஒரு தரம் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், இன்னொரு தரம் அந்த வார்த்தை எனக்கு வராது.

நீ லீவு போடு. நான் சொன்ன மிஷினையே வாங்கு, சிறிய காயில், முழுவதும் தண்ணீர் தாங்குவது. இவ்வளவு வருஷம் ஏன் கிடைக்கவில்லை என்று இனி கேட்டுக்கொள்ள வேண்டாம். பாதையில் இரும்பு எதுவும் இல்லை, உன்னைத் திசை திருப்ப ஒன்றுமில்லை. நேராக ஓடையில், கரை சரிந்த வளைவில், கருமணலிலிருந்து தொடங்கு. நானும் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன்.

அச்சகத்துக்கு இன்று காலை நானே போன் செய்தேன். 'தெய்வத்திரு' என்று போடச் சொல்லிவிட்டேன். நீ வரும்போது அவர் ஓடையில்தான் இருப்பார்.

அம்மா